தேய்க்கக் கூடாத கோடு

மினி காரின் உடம்பில் நான்கு இடங்களில் செங்குத்தாக ஒரு வரம்பு ஓடும். முன் மட்காட் கதவை நோக்கி வந்து முடியும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்று, பின்மூலை வளையும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்று. இரண்டு தகடுகளின் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்து, ஒன்றோடொன்று வைத்து வெல்டிங் செய்த மூட்டுகள் அவை. மற்றக் கார்க் கம்பனிகள் இந்த மூட்டை உள்ளே மறைத்துவிடும். 1959 ஓகஸ்டில் மினி வெளிவந்தபோது, அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் அதை வெளியிலேயே விட்டார். வெல்டிங் கருவி இலகுவாக எட்டும், செலவு குறையும், பத்தடி நீளக் காருக்குள் ஆட்கள் இருக்க இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சும் என்பது அவருடைய கணக்கு.

ஜப்பானின் தமியா கம்பனி 24இல் ஒரு பங்கு அளவில் செய்திருக்கும் மொரிஸ் மினி கூப்பர் பிளாஸ்ரிக் மொடலிலும் அந்த வரம்புகள் அப்படியே இருக்கின்றன. புதிதாகக் கட்டத் தொடங்குபவர் பெட்டியைத் திறந்து, உடம்பைக் கையிலெடுத்து, சாண்ட் பேப்பரை எங்கே வைப்பார் என்று பார்த்தால், அநேகமாக அங்கேதான் வைப்பார். மொடல் கட்டுவது பற்றி அவர் முதலில் கேள்விப்பட்டிருப்பது 'அச்சுக் கோட்டைத் தேய்க்க வேண்டும்' என்பதுதான். உருக்கு அச்சின் துண்டுகள் சந்திக்கும் இடத்தில் உருகிய பிளாஸ்ரிக் மயிரிழையாகப் பிதுங்கி இறுகும். கூரையின் ஓரத்தில், மட்காட்டின் முதுகில், பம்பரின் நுனியில் அந்தக் கோடு தெரியும். உண்மையான காரில் அப்படி ஒன்று கிடையாது. ஆகவே அதைத் தேய்த்தே ஆக வேண்டும். மூலையில் நிற்கும் வரம்போ உண்மையான காரில் இருப்பது. இரண்டும் பிளாஸ்ரிக்கில் மெல்லிய மேடுகள், இரண்டும் விரலுக்கு ஒரே மாதிரித்தான் தட்டுப்படும். எது தொழிற்சாலையின் பிசகு, எது காரின் உடம்பு என்று பிளாஸ்ரிக் சொல்லித்தராது. காரைத் தெரிந்திருக்க வேண்டும்.

என் மருமகன் அப்படித்தான் ஒரு வரம்பைத் தேய்த்துவிட்டான். அக்காவின் மகன், ஏ.எல். படிக்கிறான். லண்டனிலிருந்து வந்த சின்னம்மா ஒருத்தி அவனுக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தா. கிளிநொச்சியில் மொடல் விற்கும் கடை இல்லை. வவுனியாவிலும் நான் கண்டதில்லை. வருகிறவர்களின் சூட்கேசில் சொக்லேற்றுக்கும் சேர்ட்டுக்கும் இடையில்தான் இந்தப் பெட்டிகள் வன்னிக்குள் வருகின்றன. பெயின்ற் அப்படி வராது. அமுக்கிய ஸ்பிறே ரின்னையும் தீப்பற்றக்கூடிய திரவத்தையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். கார் லண்டனிலிருந்து வரும். அதன் மேல் பூசுவதை இங்கேதான் தேட வேண்டும். இந்த ஒரு காரணத்தினாலேயே பிறைமர் என்ற அடிப்பூச்சின் தெரிவு எங்கள் ஊரில் ஒரு தனிப் பாடமாகிவிடுகிறது.

அவன் ஹாட்வெயார் கடையில் ஒரு சிவப்பு ஸ்பிறே ரின் வாங்கி, ஆவணி மாதத்து மத்தியான வெயிலில், கச்சான் காற்று வாரியடிக்கும் முற்றத்தில் வைத்து நேராகப் பிளாஸ்ரிக்கில் அடித்திருந்தான். கூரையில் பெயின்ற் சொரசொரத்து மணல் தூவினமாதிரி நின்றது. கதவின் கீழ்ப்பக்கம் வழிந்து தடித்திருந்தது. கதவைச் சுற்றிய மெல்லிய பள்ளம் பாதி நிரம்பிப் போய்விட்டது. பொனற்றில் பெருவிரலின் ரேகை, மை தொட்டுப் பதிந்ததுபோலத் தெளிவாக.

"மாமா, இது பழுதாப் போச்சு. எறியட்டோ?"

"எறியாதை. கொண்டா, பாப்பம்."

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை பெயின்றில் இல்லை, எறிந்துவிடுவதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பொலிஸ்ரைரீன் மிகவும் பொறுமையான பொருள். எங்கள் வீடுகளில் ரீவிப் பெட்டியோடு வரும் றெஜிபோமும் இந்த மொடல் உடம்பும் ஒரே பொருள்தான். ஒன்று காற்றடைத்து ஊதியது, மற்றது திண்மையாக வார்த்தது. றெஜிபோமில் பெற்றோல் ஊற்றினால் கூழாகிப் போவதை இங்கே பார்க்காத பிள்ளை இல்லை. அதைப் பார்த்தவனுக்கு மொடலின் வேதியியல் பாதி விளங்கிவிட்டது. பெற்றோல், தின்னர், அசிற்றோன் மூன்றும் இந்த உடம்புக்கு ஆகாது. பெயின்றைக் கழற்றவென்று இவற்றில் தோய்த்தால் பெயின்றோடு காரும் போகும். பாமசியில் விற்கும் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் இரவு முழுக்க ஊறவைத்தால் அக்ரிலிக் பெயின்ற் பெரும்பாலும் இளகும். பழைய பல்தூரிகையால் உரசிக் கழுவலாம். எனாமல் அதற்கு அசையாது. பிறேக் ஒயிலில் ஊறவைக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அது எனாமலைக் கழற்றும், ஆனால் சில பிளாஸ்ரிக்கை முறுகப் பண்ணும், தோலுக்கும் நல்லதல்ல. கையுறை போட்டு, அடிக்கடி எடுத்துப் பார்த்து, வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். எதுவாயினும் முதலில் சட்டத்தின் ஒரு துண்டில் சோதிக்க வேண்டும். பாகங்கள் கோர்த்து வரும் அந்தச் சட்டத்தைப் பாகங்களை வெட்டியெடுத்ததும் எறிந்துவிடுகிறார்கள். உடம்பு எந்தப் பிளாஸ்ரிக்கோ அதே பிளாஸ்ரிக்தான் அது. எந்தப் பரிசோதனைக்கும் அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

சட்டத்தின் பயன் அதோடு முடிவதில்லை. சின்னத் துண்டுகளாக நறுக்கி, பிளாஸ்ரிக் ஒட்டும் திரவப் பசைக்குள் போட்டு வைத்தால் அடுத்த நாள் தேன்பதத்தில் ஒரு கூழ் கிடைக்கும். பாகத்தைக் கத்தரிக்காமல் கையால் முறித்துப் பிய்த்தெடுத்ததால் விழுந்த குழியை அதனால் நிரப்பலாம். காய்ந்தபின் அது குழி நிரப்பும் பூட்டி போல வேறு பொருளாக நிற்காது, உடம்போடு உடம்பாகிவிடும். மருமகன் தேய்த்துவிட்ட வரம்புக்கும் சட்டம்தான் கைகொடுத்தது. ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே, சுடரில் படாமல் உருட்டி, பளபளத்து இளகியதும் எடுத்து இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் நூலாக நீளும். வேகமாக இழுத்தால் மயிராக மெலியும், ஆறுதலாக இழுத்தால் தடிக்கும். வேண்டிய தடிப்பில் ஒரு நீளத்தை வெட்டி, அழிந்துபோன வரம்பின் இடத்தில் வைத்து, தூரிகை நுனியால் பசையைத் தொட்டுவிட்டான். கீழே மட்டும் கொஞ்சம் வளைந்துவிட்டது. காயவிட்டுத் தட்டையாகத் தேய்த்தான். வரம்புகள் மறுபடி நான்காயின.

மற்றப் பிழைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். கழுவாமல் அடிப்பது: அச்சிலிருந்து பிரித்தெடுக்கப் பூசிய எண்ணெய் மேலே நின்றால் பெயின்ற் பிடிக்காது, பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவினால் போதும். குரோம் பூசிய பாகத்தை அப்படியே ஒட்டுவது: பசை பிளாஸ்ரிக்கைத்தான் கரைத்து ஒட்டும், குரோமை அல்ல, ஆகவே ஒட்டும் இடத்தில் சுரண்ட வேண்டும். கண்ணாடிக்குச் சுப்பர் குளூ போடுவது: அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படியும், வெள்ளைப் பசை போட்டால் அந்தக் கரைச்சல் இல்லை. கதவைச் சுற்றிய பள்ளங்களைப் பெயின்ற் அடிக்க முன்னரே கூரிய முனையால் ஒருமுறை ஆழப்படுத்திவிட்டால் அவை பிறகு நிரம்பாது. விரல் அடையாளம் விழுந்தால் உடனே துடைக்கப் போகக்கூடாது. துடைத்தால் சின்னக் காயம் பெரிதாகும். நன்றாகக் காயவிட்டு, 2000ஆம் இலக்க வோட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மேலே மறுபடி மெல்லியதாக அடிக்க வேண்டும். பிழையைக் கண்ட அந்த நிமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இதில் கடினம். பதினெட்டு வயதில் அது இன்னும் கடினம்.

இனிப் பிறைமர். எங்கள் ஊர் ஹாட்வெயார் கடைக்குப் போய்ப் பிறைமர் என்று கேட்டால் முதலில் எடுத்து வைப்பது ரெட் ஒக்சைட். வன்னியில் திரும்பக் கட்டிய வீடுகளின் கேற்றும் யன்னல் கிறிலும் எல்லாம் அந்தச் செங்கல் நிறத்தில்தான் தொடங்குகின்றன. பல வீடுகளில் மேற்பெயின்றுக்குக் காசு வராமல் அதே நிறத்தில் வருடக்கணக்காக நிற்பதும் உண்டு. அது இரும்புக்கானது. துருவைத் தடுக்கும், எண்ணெய்ப் பிடிப்பில் மெதுவாகக் காயும், தடிப்பாக நிற்கும். மொடலின் கதவுப் பள்ளத்தை அது ஒரே பூச்சில் மூடிவிடும். பிளாஸ்ரிக் துருப்பிடிக்காது, அதற்கு அந்தக் காவல் தேவையுமில்லை. இரண்டாவதாக எடுத்து வைப்பது பிளாஸ்ரிக் பிறைமர். பெயரைக் கேட்டு ஏமாறுபவர் அதிகம். அது இன்றைய வாகனங்களின் பம்பருக்கானது. பம்பர் பொலிபுரொப்பிலீன், அதில் எதுவும் இலகுவில் ஒட்டாது, ஒட்டவைப்பதற்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் நிறமற்றது. பொலிஸ்ரைரீனில் பெயின்ற் சுபாவமாகவே ஒட்டும், ஆகவே நிறமில்லாத பிறைமரால் இங்கே பாதிப் பயன் போய்விடும். பிழையைக் காட்டுவது அந்த நிறம்தான்.

பிறைமரைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முழுவதும் அந்தக் கடைசி வரிக்குள் இருக்கிறது. வெறும் பிளாஸ்ரிக்கில் கண் ஏமாறும். பிளாஸ்ரிக் ஒளியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். பூட்டி ஒரு நிறம், இழுத்து ஒட்டிய நூல் ஒரு நிறம், உடம்பு இன்னொரு நிறம். நிற வேறுபாட்டைப் பார்க்கும் கண் மேடு பள்ளத்தைக் காணாது. சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். ஒரே நிறத்தில் ஒளியும் நிழலும் மட்டும் மிஞ்சும். தேய்க்காமல் விட்ட அச்சுக் கோடு எழுந்து நிற்கும். பூட்டி இறங்கிய இடம் குழியாகத் தெரியும். பலர் பிறைமரைப் பெயின்ற் பிடிப்பதற்கான அடிப்பூச்சு என்றே நினைக்கிறார்கள். அதுவும் சரிதான், ஆனால் அதன் பெரிய வேலை காட்டிக்கொடுப்பது. காட்டிக்கொடுத்த இடத்தைத் திருத்தி, மறுபடி அங்கே மட்டும் சாம்பல் அடித்து, மறுபடி பார்ப்பது. இந்தச் சுற்று முடியும் வரைக்கும் மேல்நிறத்தைத் தொடக்கூடாது.

கரடிப்போக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் வேலைசெய்யும் பெயின்ரர் அண்ணை ஒருவர் இதை இன்னும் நன்றாகச் செய்கிறார். அடிபட்டு நெளிந்த கதவைத் தட்டி எடுத்து, பூட்டி போட்டு, சாம்பல் பிறைமர் அடித்து, அதற்கு மேலே கறுப்பைத் தூரத்தில் நின்று புகைபோல ஒருமுறை ஊதுவார். பிறகு மரக்கட்டையில் சுற்றிய வோட்டர் பேப்பரால் தேய்ப்பார். மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும். குழியில் போகாமல் தங்கும். கறுப்பு நிற்கும் இடமெல்லாம் இன்னும் வேலை இருக்கும் இடம். "கண்ணாலை பாராதை தம்பி, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையாலை தடவு" என்று மருமகனுக்குச் சொன்னார். மொடல் உடம்பில் உள்ளங்கை வைக்க இடமில்லை, விரல் நுனிதான். கறுப்பை ஊதும் வித்தை அப்படியே பொருந்துகிறது.

அந்த அண்ணை பாவிக்கும் சாம்பல் நிற வாகனப் பிறைமர்தான் எங்களுக்குக் கிடைக்கும் நல்ல தெரிவு என்று நான் முடிவுக்கு வந்திருக்கிறேன். அதில் ஆபத்து இருக்கிறது. அதன் தின்னர் வீரியமானது. ஈரமாக ஒரே மூச்சில் அடித்தால் மெல்லிய பொலிஸ்ரைரீனின் மேற்தோலைக் கடித்துச் சிலந்திவலைபோல வெடிப்பு விழுத்தும். ஓரடிக்குக் கொஞ்சம் குறைந்த தூரத்திலிருந்து, உடம்புக்கு வெளியே தொடங்கி உடம்புக்கு வெளியே முடிக்கும் ஒரு வீச்சாக, கீழே பிளாஸ்ரிக் இன்னும் தெரியும் அளவுக்கு மெல்லியதாக முதலாவது. அது காய்ந்தபின் இரண்டாவது, பிறகு மூன்றாவது. பாய்ந்து மூட நினைக்கக்கூடாது. கொழும்பிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் ஜப்பான்காரரின் மொடல் பிறைமர்கள் இன்னும் மென்மையானவை. மிஸ்ரர் சேர்பேசர் என்ற போத்தலில் 500, 1000, 1500 என்று இலக்கம் போட்டிருக்கும். இலக்கம் கூடக்கூடப் பூச்சு நுண்மையாகும். 500 கீறலை நிரப்ப, 1500 கடைசி மெருகுக்கு. தண்ணீரில் கலக்கும் பிறைமர்கள் மணம் குறைந்தவை, வீட்டுக்குள் தூரிகையாலும் பூசலாம். ஆனால் அவற்றைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தால் தூளாகாமல் பாலாடைபோல உரிந்து வருவதுண்டு. திருத்துவதற்காகவே பிறைமர் அடிக்கிறவனுக்கு உரியும் பிறைமர் உதவாது. நிறம் பற்றிக் கேட்டால், மஞ்சளுக்கும் வெளிர் சிவப்புக்கும் கீழே வெள்ளை, வெள்ளிக்குக் கீழே கறுப்பு, மற்ற எல்லாவற்றுக்கும் சாம்பல். உடம்பே சிவப்புப் பிளாஸ்ரிக்கில் வார்த்திருந்து அதற்கு மேலே வெள்ளை அடிக்கப்போனால், அந்தச் சாயம் தின்னரில் கரைந்து மேலே ஏறி வெள்ளையை ரோசா நிறமாக்கிவிடும். நடுவே ஒரு வெள்ளிப் பூச்சு வைத்தால் ஏறாது.

அடிக்கும் நேரத்தை இங்கே காற்றுத்தான் தீர்மானிக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் மத்தியானம் அடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து தூளாகத்தான் உடம்பில் விழும். மருமகனின் கூரை சொரசொரத்ததற்கு அதுதான் காரணம், கிரவல் ரோட்டுச் செம்புழுதியும் சேர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு சிக்கல். தின்னர் ஆவியாகும்போது பூச்சைக் குளிரச்செய்யும், குளிர்ந்த பூச்சில் ஈரக்காற்றின் நீர் ஒடுங்கும், பளபளப்பு வெண்புகை மூடிப்போகும். காலையில் பனி விட்டபின், வெயில் ஏறுமுன், காற்று இன்னும் எழும்பாத அந்த இடைவெளிதான் எங்கள் நேரம். வெளியில், முகமூடியோடு.

சாம்பல் பூசிய மினி மேசையில் நின்றபோது என் அப்பாவின் மொரிஸ் மைனரைப் பற்றி மருமகன் கேட்டான். அவன் அந்தக் காரைக் கண்டதில்லை. அதுவும் இஸிகோனிஸ் வடிவமைத்ததுதான். அவர் 1906இல் சிமிர்னாவில் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் கைமாறியபோது பதினைந்து வயதில் குடும்பத்தோடு கப்பலேறி மால்ராவுக்கு இடம்பெயர்ந்தார். தந்தையை அங்கேயே இழந்தார். மொரிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏள்ஸ்கோட் கண்காட்சியில் வெளிவந்தது. பத்து லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் அதுதான். ஆனால் கண்காட்சிக்குக் கொஞ்சக் காலத்துக்கு முன்புவரை அதன் அகலம் வேறு. எல்லாம் தயாரான நிலையில் அந்த உருவம் ஒடுங்கித் தெரிவதாக இஸிகோனிஸுக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, கண் ஒத்துக்கொண்ட இடத்தில் நிறுத்தினார். நாலு அங்குலம். அதற்குள் பம்பர்கள் பழைய அளவில் செய்தாகிவிட்டதால் ஆரம்பக் கார்களில் பம்பரை நடுவில் வெட்டி நாலங்குலத் துண்டு வைத்து இணைத்தார்கள். பொனற்றின் நடுவே நீளமாக ஓடும் தட்டையான பட்டி அந்தத் திருத்தத்தின் அடையாளமாகக் கடைசிவரைக்கும் நின்றது. மொரிஸ் மைனரை மொடலாகச் செய்யும் எவரும் அந்தப் பட்டியைத் தேய்த்துச் சமப்படுத்தினால் அது மொரிஸ் மைனராக இராது.

அப்பாவின் கார் 1990களில் மண்ணெண்ணெயில் ஓடியது. 1990 யூனில் மறுபடி சண்டை தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபின், வடக்கில் ஒஸ்ரினும் மொரிஸும் அப்படித்தான் ஓடின. பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயைத் தாங்கின. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. கிடைத்த துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை எழும்பும். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். அதைத் தெரிந்துகொண்டே ஓட்டினார்கள், ஏனென்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழி இல்லை. அந்தக் காரில் ஒட்டுப்போடாத தகடு இருந்ததாக நினைவில்லை. ஒவ்வொரு ஒட்டும் யார் போட்டது, எந்த இடப்பெயர்வுக்குப் பிறகு போட்டது என்று அப்பா சொல்லுவார். யாரும் அதை மறைத்துப் பெயின்ற் அடிக்க முனையவில்லை. பெயின்றும் இல்லை.

2009 தொடக்கத்தில், இறுதிப் போரின்போது, பரந்தன் முல்லைத்தீவு வீதியில் சனமும் வாகனமும் ஒன்றாக நகர்ந்தன. விசுவமடுவுக்கு அப்பால் எங்கோ கார் நின்றது. நிற்க விட்டுவிட்டு நடந்தோம். பின்னாளில் முள்ளிவாய்க்கால் பக்கம் போனவர்கள் எல்லோரும் அந்தக் குவியல்களைக் கண்டிருப்பார்கள்: பஸ், லொறி, ட்ராக்ரர், சைக்கிள், மோட்டச்சைக்கிள், எல்லாம் உப்புக்காற்றில் ஒரே நிறமாகி. உலகமெங்கும் மொடல் கட்டுபவர்கள் துருவைக் கலையாகப் பயில்கிறார்கள். பிறைமருக்கு மேலே துருநிறம், அதற்கு மேலே உப்புக்கல்லை நனைத்து ஒட்டி, மேல்நிறம் அடித்து, உப்பைத் தட்டிவிட்டால் பெயின்ற் உரிந்து துரு தெரிவதுபோல இருக்கும். திறமையான வேலை; அதைச் செய்பவர்களின் கையை நான் மதிக்கிறேன். துரு எங்கே தொடங்கும் என்று அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்: மூட்டுகளில், சில்லு வளைவின் உட்புறத்தில், நீர் தங்கும் விளிம்பில். எங்கள் பிள்ளைகளுக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நான் இதுவரை ஒரு மொடலுக்கும் துரு அடிக்கவில்லை. அடிக்கப்போவதும் இல்லை. அந்த நிறத்தை அலங்காரமாக எடுக்க என் கை போகாது.

ஆனால் எல்லாவற்றையும் தேய்த்து வழவழப்பாக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. போருக்குப் பிறகு இங்கே நிறையத் தேய்க்கப்பட்டது. சிலது வாழ்வதற்காக நாங்களே தேய்த்தது. ஷெல் பாய்ந்த சுவரைப் பூசினோம், குண்டு துளைத்த கூரையை மாற்றினோம். பிள்ளைகள் படுக்கும் அறையில் ஓட்டை இருக்க யார் விடுவார்கள்? சிலது எங்களைக் கேளாமல் தேய்க்கப்பட்டது. மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. விழுந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கியை மட்டும் உல்லாசப் பயணிகள் பார்க்க வைத்தார்கள். 2016 கார்த்திகையில் சனம் கனகபுரம் துயிலும் இல்லத்துக்குள் போய்ப் பற்றை வெட்டி, உடைந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கி ஒன்றாகக் குவித்து விளக்கேற்றியது. எது பிசகு, எது உடம்பு என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் அங்கே கேள்வி. ஒரு பொம்மைக் காரை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய விசயத்தைப் பேசலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சாண்ட் பேப்பரைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அது நினைவில் வருகிறது. வராததுபோல எழுத எனக்குத் தெரியாது.

மருமகனின் கேள்வி வேறொரு இடத்துக்குப் போனது. பெட்டியில் வந்த ஒட்டுத்தாளில் இங்கிலாந்து இலக்கத்தகடுதான் இருந்தது. அம்மப்பாவின் காரின் இலக்கத்தைப் போடலாமா என்று கேட்டான். அது ஈ.என். இலக்கம். 1950களில் ஆங்கில எழுத்து இரண்டு போட்டுப் பதிந்த காலத்துக் கார். மினி 1959இல்தான் பிறந்தது. இலங்கையில் ஒரு மினி பதியப்பட்டிருந்தால் அது ஸ்ரீ இலக்கமாகத்தான் இருந்திருக்கும், சிங்கள எழுத்தில். அந்த எழுத்து தகட்டுக்கு வந்ததும் தமிழரசுக் கட்சி எதிர்த்ததையும், தமிழ் ஸ்ரீ எழுதிய தகட்டோடு வண்டி ஓட்டிப் பலர் வழக்குக்குப் போனதையும், 1958இல் தெற்கிலும் வடக்கிலும் தார்ப் பீப்பாயும் தூரிகையுமாக ஆட்கள் எழுத்துகளை அழித்துத் திரிந்ததையும் சொன்னேன். அவனுடைய பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது இருந்ததாக அவனுக்கு நினைவில்லை.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தமிழ் ஸ்ரீ போடப்போவதாகச் சொன்னான். சட்டப்படி அப்படி ஒரு மினி பதியப்பட்டிருக்க முடியாது. ஆனால் அப்படி எழுதிய தகடுகள் தெருவில் ஓடின என்பது உண்மை, ஆகவே ஒத்துக்கொண்டேன். தகடு நகத்தளவு. எழுத்து மூன்று மில்லிமீற்றர் உயரம் வரும், ஸ்ரீயின் சுழிகளுக்கு அது சிறிய இடம். தகட்டுக்கும் பிறைமர் அடிக்க வேண்டுமா என்று கேட்டான். அடி, சாம்பல் போதும், மேலே கறுப்பு அக்ரிலிக், அதை ஒரு கிழமை காயவிடு என்றேன். எழுத்தை வெள்ளை எனாமலில் எழுதச் சொன்னேன். கை நடுங்கி எழுத்துப் பிழைத்தால், வைற் ஸ்பிரிற்றில் தொட்ட பஞ்சால் அதை மட்டும் துடைத்தெடுக்கலாம். கீழே இறுகிய கறுப்பு அசையாது, திரும்ப எழுதலாம்.